ஆற்றங்கரையோடு நின்றுவிட வேண்டாம்

ஸ்பீக்கர் கேட்டுப் பார்க்கக் கடைக்குப் போனாலும் சரி, புது ஆம்ப் (ஒலிபெருக்கிக் கருவி) வாங்கிய நண்பர் வீட்டுக்குப் போனாலும் சரி, முதல் அரை மணி நேரத்தில் என்னென்ன ஒலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸ் 1994இல் அக்கூஸ்டிக் கிடார்களோடு மறுபடி வாசித்த 'ஹோட்டல் கலிபோர்னியா' இருக்கும். ஜாஸ் பாடகி டயானா க்ரால் குரலில் ஏதாவது ஒன்று இருக்கும். கொஞ்சம் ஊறிப்போனவர் என்றால், 'எ மீட்டிங் பை தி ரிவர்' (ஆற்றங்கரையில் ஒரு சந்திப்பு) என்ற ஆல்பம் கட்டாயம் இருக்கும்.

மூன்றாவதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சரியாகச் சொன்னால், அதற்குப் பின்னால் யாரும் எடுத்துப் பார்க்காமல் கிடக்கும் அதன் உடன்பிறப்புகளைப் பற்றி.

அந்த ஆல்பத்தைக் கேட்டுச் சொக்கிப்போன எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். "இதே மாதிரி வேறு என்ன இருக்கிறது?" என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்குப் பரிந்துரையாக வருவதோ, அதில் கிடார் வாசித்த அமெரிக்கர் ரை கூடரின் வேறு ஆல்பம், அல்லது மோகன வீணை வாசித்த விஸ்வ மோகன் பட்டின் வேறு கச்சேரிப் பதிவு. இரண்டுமே நல்ல இசைதான். ஆனால் கேட்டவர் தேடுவது அதில் கிடைக்காது. அவரைக் கட்டிப்போட்டது கலைஞர்கள் மட்டும் அல்ல. அவர்கள் உட்கார்ந்திருந்த இடம், அவர்கள் முன்னால் நின்ற இரண்டு மைக்ரோஃபோன்கள், அவற்றை அங்கே நிறுத்திய ஒரு மனிதர், இவையும் சேர்ந்துதான் கட்டிப்போட்டன. அந்த மனிதர் அதே முறையில் பதிவுசெய்த வேறு ஆல்பங்களும் உண்டு. ஆடியோவில் இவ்வளவு பணமும் நேரமும் செலவழிக்கும் நம்மிடையேகூட அவை பேசப்படுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

அவர் பெயர் கவிச்சந்திரன் அலெக்சாண்டர். இலங்கையில் பிறந்தவர். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவிலிருந்து 'வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ்' என்ற சிறு இசைப்பதிவு நிறுவனத்தை நடத்தினார். 1992 செப்டம்பரில் அந்த ஊரில் உள்ள செயின்ட் ஆண்டனி செமினரி என்ற பழைய குருமடத்தின் தேவாலயத்தில், ரை கூடரையும் ஜெய்ப்பூர்க்காரரான விஸ்வ மோகன் பட்டையும் எதிரெதிர் மரபிலிருந்து கூட்டி வந்து உட்கார வைத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் முதன்முதலாகச் சந்தித்ததே பதிவுக்குச் சற்று முன்புதான். ஒத்திகை கிடையாது. தபலாவுக்கு சுக்விந்தர் சிங் நாம்தாரி. தும்பெக் என்ற மத்தியக் கிழக்குக் கைமுரசை வாசித்தது கூடரின் மகன் யோவாகிம். அப்போது அவனுக்கு வயது 14. மொத்தம் நான்கே உருப்படிகள். 1993இல் வெளிவந்தது, 1994இல் சிறந்த உலக இசை ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தப் பதிவு ஏன் அப்படி ஒலிக்கிறது என்று புரிந்துகொண்டால்தான் அடுத்து எங்கே தேடுவது என்று தெரியும். அதற்கு 1931ஆம் ஆண்டு லண்டனுக்குப் போக வேண்டும்.

ஆலன் ப்ளம்லைன் என்று ஒரு இளம் பொறியாளர், இஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பேசும் படங்கள் புதிதாக வந்திருந்த காலம். மனைவியோடு சினிமாவுக்குப் போயிருந்தபோது அவருக்கு ஒன்று உறுத்தியதாம்: நடிகர் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறார், குரலோ நடுவில் இருக்கும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. ஆளோடு குரலையும் நடக்க வைக்க எனக்கு ஒரு வழி தெரியும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று ஸ்டீரியோ என்று நாம் சொல்வதன் அடிப்படை ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே விண்ணப்பத்தில் இருக்கிறது. இசைத்தட்டில் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் இரண்டு சேனல்களை வெட்டும் உத்திகூட அதில் உண்டு. 1934இல் அபே ரோடு ஸ்டுடியோவில் தாமஸ் பீச்சம் ஒரு மொஸார்ட் சிம்பொனியை நடத்தியபோது அதை ப்ளம்லைன் ஸ்டீரியோவில் பதிவுசெய்து பார்த்தார். ஸ்டீரியோ எல்பிகள் கடைக்கு வந்ததோ 1950களின் கடைசியில். அதைப் பார்க்க அவர் இல்லை. 1942 ஜூன் 7 அன்று, விமானத்தில் பொருத்தும் ரேடார் ஒன்றைச் சோதிக்கப் போனபோது அந்த விமானம் விழுந்து இறந்தார். வயது 38.

அவர் சொன்ன மைக்ரோஃபோன் அமைப்பு எளிமையானது. முன்பக்கமும் பின்பக்கமும் சம அளவில் கேட்டு, இரு பக்கவாட்டுகளில் மட்டும் செவிடாக இருக்கும் மைக்ரோஃபோன் ஒரு வகை. அது கேட்கும் பரப்பை மேலிருந்து வரைந்தால் 8 என்ற எண்ணைப் போல இருக்கும். அப்படிப்பட்ட இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே புள்ளியில், ஒன்று இடது பக்கம் 45 பாகை, மற்றது வலது பக்கம் 45 பாகை பார்க்கும்படி நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். அலெக்சாண்டரின் இரண்டு மைக்ரோஃபோன்கள் நின்றதும் இப்படித்தான்.

இப்போது நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் 45 பாகையில் உட்கார்ந்திருப்பவர் முதல் மைக்ரோஃபோனுக்கு நேர் எதிரே இருக்கிறார். இரண்டாவதற்கு அவர் இருக்கும் திசை செவிட்டுத் திசை. ஆகவே அவர் இசை இடது ஸ்பீக்கரில் மட்டும் வரும். நட்ட நடுவில் இருப்பவரை இரண்டும் சம அளவில் கேட்கும். அவர் உங்கள் வீட்டில் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், காற்றில் உட்கார்ந்திருப்பார். இடையில் இருப்பவர்கள் இடையில். இரண்டு மைக்ரோஃபோனும் ஒரே புள்ளியில் இருப்பதால் ஒலி ஒன்றுக்கு முன்னதாகவும் மற்றதற்குப் பின்னதாகவும் போய்ச் சேருவதில்லை. அதனால்தான் ஒவ்வொருவரும் இருக்கும் இடம் கத்தியால் வெட்டியது போல அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. நாம் இமேஜிங் என்று சொல்வது இதைத்தான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எட்டின் பின்பாதி சும்மா இருப்பதில்லை. கலைஞர்களுக்கு எதிர்ப்புறம் உள்ள வெற்று இடத்தை, அதன் சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியை, அது அதே கவனத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறது. அதாவது இந்த முறையில் பதிவு செய்தால் அறையும் ஒரு வாத்தியம். அறை மோசமாக இருந்தால் பதிவும் மோசம். பிறகு மிக்சிங் மேசையில் வைத்துச் சரிசெய்ய வழியே இல்லை. தேவாலயத்தை அலெக்சாண்டர் தேடிப் போனதற்கு இதுதான் காரணம்.

சாதாரண ஸ்டுடியோவில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி மைக்ரோஃபோன், தனி டிராக். தபலா ஓங்கினால் ஒரு பொத்தானை இறக்கினால் போதும். வீணை எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை இன்னொரு பொத்தான் முடிவு செய்யும். எதிரொலி வேண்டுமா, கருவியிலிருந்து சேர்க்கலாம். இதைக் குறை சொல்லவில்லை. நான் உயிராக நினைக்கும் எத்தனையோ பாடல்கள் அப்படி உருவானவைதான். ஆனால் இரண்டே மைக்ரோஃபோன் என்றால் தபலா ஓங்கும்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: தபலாக்காரரை எழுந்து இரண்டடி பின்னால் போய் உட்காரச் சொல்ல வேண்டும். பாடுபவரின் குரல் சற்று மெல்லிசாக இருந்தால் அவர் முன்னால் நகர வேண்டும். யாராவது ஒருவர் தவறினால் எல்லோருமே முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இதனால் கலைஞர்கள் ஒருவரை ஒருவர் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் வருகிறது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வாசிப்பவர்களிடம் வராத ஒரு கவனம் அதில் கேட்கும்.

அலெக்சாண்டர் பதிவுக்குப் பயன்படுத்தியது அனலாக் டேப்பும், டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாய்களான வால்வுகள் கொண்ட மின்சுற்றுகளும். அவற்றை அவருக்காகத் தனியே செய்து கொடுத்தவர் டிம் டி பாரவிசினி. இங்கிலாந்தில் ஈஏஆர் என்ற ஆம்ப் நிறுவனத்தை நடத்தியவர், 2020இல் மறைந்தார். வால்வா டிரான்சிஸ்டரா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. என் காதுக்கு, இந்தப் பதிவுகளின் இனிமையில் முக்கால் பங்கு அறைக்கும் மைக்ரோஃபோன் நின்ற இடத்துக்கும் சேர வேண்டியது.

சரி, இவ்வளவு அருமையான வேலை என்றால் மற்ற ஆல்பங்கள் ஏன் மறைந்துபோயின? கடையில் எந்த அடுக்கில் வைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 'உலக இசை' என்ற பெயர் 1987இல்தான் வணிகத்தில் நிலைபெற்றது. லண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியறையில் சில சிறு இசை நிறுவனத்தார் கூடி, ஆப்பிரிக்கா, ஆசியா என்று எங்கிருந்தோ வரும் இசைத்தட்டுகளைக் கடைக்காரர் எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு பொதுப் பெயர் வைப்போம் என்று முடிவு செய்தார்கள். கிராமியில் அதற்குத் தனிப் பிரிவு 1992இல் வந்தது. முதல் விருது மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' ஆல்பத்துக்கு; அதில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம்.

அந்த அடுக்கு சின்னது. ஒரு ஆண்டில் ஒரு பெயருக்குத்தான் அதில் வெளிச்சம் விழும். 'எ மீட்டிங் பை தி ரிவர்' அந்த வெளிச்சத்தில் நின்றது. அடுத்த ஆண்டே கூடர், மாலி நாட்டின் அலி ஃபர்க்கா டூரேயோடு வாசித்த 'டாக்கிங் டிம்பக்டு' விருது வாங்கியது. 1997இல் அவர் தயாரித்த, கியூபாவின் 'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்' வந்து உலகையே புரட்டிப் போட்டது. கூடரைப் பின்தொடர்ந்த ரசிகர்கள் அவரோடு மாலிக்கும் ஹவானாவுக்கும் போய்விட்டார்கள். நல்லதுதான். ஆனால் சாண்டா பார்பராவில் அதே இரண்டு மைக்ரோஃபோன்களோடு வேலையைத் தொடர்ந்த மனிதரைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. நம் பக்கமும் கதை அதேதான். ராகம் கேட்பவர்களுக்கு இது கலப்பு இசை, தள்ளிவிடுவார்கள். ராக் கேட்பவர்களுக்கு இது இந்தியச் சங்கதி, பொறுமை இருக்காது. நடுவில் விழுந்த பொருளை எடுக்க யாரும் குனிவதில்லை.

முதலில் எடுக்க வேண்டியது 1995இல் வந்த 'மும்தாஜ் மஹால்'. கறுப்பின அமெரிக்க ப்ளூஸ் பாடகர் தாஜ் மஹால் பாடி கிடார் வாசிக்கிறார். விஸ்வ மோகன் பட் மோகன வீணையோடு இருக்கிறார். மூன்றாவதாக சித்திரவீணை, வாசிப்பவர் என். ரவிகிரண். பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்து இது ஏதோ வேடிக்கைக்குச் செய்தது என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள் என நினைக்கிறேன். அப்படி ஒதுக்கத் தகுந்தது இல்லை.

நம் ஊர் வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கோட்டுவாத்தியம் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் சித்திரவீணையும் ஒன்றுதான். தண்டில் குறுக்கே பதிக்கும் கம்பிகளான மெட்டுகள் இல்லாத வீணை. இடக்கையில் பிடித்த கருங்காலிக் கட்டையைத் தந்திகளின்மேல் வழுக்கிக்கொண்டே வாசிப்பார்கள். திருவிடைமருதூர் சகாராம் ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், ரவிகிரணின் தாத்தா நாராயண ஐயங்கார் என்று அதற்கு ஒரு பெரிய பரம்பரை உண்டு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிப் போவதை ஜாரு என்கிறோம் இல்லையா, அந்த ஒரு அசைவுக்கென்றே பிறந்தது போன்ற வாத்தியம். கடல் தாண்டி, மிசிசிப்பிப் பக்கத்து ஏழைப் பாடகர்கள் உடைந்த பாட்டில் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு கிடார் தந்தியின்மேல் வழுக்கினார்கள். ஹவாய்த் தீவுகளில் இரும்புத் துண்டை வைத்து வழுக்கினார்கள். அந்த ஹவாய் கிடார் இந்தியாவுக்கு வந்து, வடக்கே ராகம் வாசிக்கும் கருவியாக மாறி, கடைசியில் பட்டின் கையில் மோகன வீணையானது. வாசிக்கும் தந்திகள் மூன்று, சுருதிக்கு ஐந்து, தானாக அதிரும் துணைத் தந்திகள் பன்னிரண்டு.

ஆக, 'மும்தாஜ் மஹால்' ஆல்பத்தில் மூன்று தேசத்து ஜாருக்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கின்றன. ராபர்ட் ஜான்சன் 1936இல் பதிவுசெய்த 'கம் ஆன் இன் மை கிச்சன்' பாட்டை இதில் கேளுங்கள். மூலப் பதிவில் ஜான்சன் பாடிக்கொண்டே வந்து ஒரு சொல்லை அப்படியே விட்டுவிடுவார். மீதியைக் கிடார் பாடி முடிக்கும். வாய்ப்பாட்டை அப்படியே வாத்தியத்தில் கொண்டுவருவதுதான் சித்திரவீணையின் மரபும். அதனால் தாஜ் மஹாலின் கரகரத்த குரல் நிற்கும் இடத்தில் சித்திரவீணை எழுந்து வரும்போது, வலிந்து ஒட்டவைத்தது போலத் தோன்றவே இல்லை. குரலுக்கும் தந்திக்கும் இடையே எத்தனை அடி தூரம் என்பதைக்கூட ஊகிக்கலாம். இதே ஆல்பத்தில் உள்ள 'ஸ்டாண்ட் பை மீ' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அந்தப் பாட்டின் மெட்டு அதிகம் தெரிந்தது என்பதாலோ என்னவோ, இரு வீணைகளுக்கும் அதில் பெரிய வேலை இல்லை. இருக்கட்டும். ஒரு பாட்டுக்காக ஆல்பத்தை விட முடியாது.

அதே 1995இல் வந்த 'பர்பன் அண்ட் ரோஸ்வாட்டர்' இன்னும் இறுக்கமானது. பட்டோடு டோப்ரோ வாசிக்கும் ஜெர்ரி டக்ளஸ், டபுள் பாஸ் வாசிக்கும் எட்கர் மேயர். டோப்ரோ என்பது வயிற்றுக்குள் உலோகக் கூம்பு வைத்த கிடார்; ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய டோப்பியெரா சகோதரர்கள் 1920களின் கடைசியில் செய்தது, அவர்கள் பெயரே அதற்கு. மோகன வீணையும் டோப்ரோவும் இரண்டும் வழுக்கும் வாத்தியங்கள், இரண்டும் உலோகத் தந்தி. மட்டமான சிஸ்டத்தில் யார் எங்கே வாசிக்கிறார்கள் என்றே தெரியாது. நல்ல சிஸ்டத்தில் ஒன்றுக்குத் தகரத்தின் மினுக்கும் மற்றதற்குத் துணைத் தந்திகளின் முணுமுணுப்பும் இருப்பது பளிச்சென்று பிரியும். புது டிஏசி (டிஜிட்டல் பதிவை அனலாக்காக மாற்றும் கருவி) வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் ஹோட்டல் கலிபோர்னியாவை விட்டுவிட்டு இதைப் போட்டுப் பாருங்கள். மேயர் வில் போட்டு இழுக்கும் கீழ்ச்சுரங்கள் உங்கள் அறையின் மூலைகளையும் சோதித்துவிடும்.

'டபுலா ராஸா' 1996இல் வந்தது. பெலா ஃப்ளெக்கின் பான்ஜோ, பட், சீன வாத்தியமான அர்ஹூவோடு ஜியே-பிங் சென். பான்ஜோவின் ஒலி தட்டியவுடன் செத்துவிடும். அர்ஹூவுக்கு இரண்டே தந்தி, வில்லால் இழுப்பது, மனிதக் குரல் அழுவது போல நீளும். இரண்டுக்கும் நடுவில் மோகன வீணை. இந்த ஆல்பத்தில் நமக்கென்று ஒரு பரிசு இருக்கிறது: தாளத்துக்குத் தபலா அல்ல, பூவாளூர் ஸ்ரீனிவாசனின் மிருதங்கம். நான் கேட்ட மிருதங்கப் பதிவுகள் பலவற்றில் மைக்ரோஃபோனைத் தோலுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துவிடுகிறார்கள். வலந்தலை (வலப்பக்கத் தோல்) ஊசியாகக் குத்தும், தொப்பி (இடப்பக்கத் தோல்) ஊதிப் பெருத்துக் கேட்கும். சபாவில் நான்காவது வரிசையில் உட்கார்ந்து கேட்கும் மிருதங்கம் அது கிடையாது. இங்கே மைக்ரோஃபோன் தள்ளி நிற்கிறது. தொப்பியில் கும்கி என்ற ஆழ்ந்த அடியை வைக்கும்போது அந்த ஒலி தோலில் தொடங்கி, தரையில் இறங்கி, கூடத்துக்குள் பரவுவதைக் கேட்கலாம். மிருதங்கத்தை இப்படிப் பதிவு செய்யலாம் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊரிலேயே எத்தனை கற்றளி மண்டபங்கள் இருக்கின்றன என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாலஸ்தீனரான சைமன் ஷாஹீன் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தை வாசிக்கும் 'சல்தனா' ஆல்பத்தையும் தவறவிடக் கூடாது. ஊத்துக்கும் மெட்டு கிடையாது. அரபு இசையில் மகாம் என்பது ஏறக்குறைய நம் ராகம் போல. வாசிப்பவர் அதில் அப்படியே மூழ்கிப்போகும் நிலைக்குத்தான் சல்தனா என்று பெயர். அந்தப் பெயருக்கு நியாயம் செய்யும் பதிவு. பொறுமை வேண்டும், இரவு நேரம் வேண்டும்.

எல்லாவற்றிலும் என் மனதுக்கு நெருக்கமானது 1999இல் வந்த ஜான் ஹேஸலின் 'ஃபாஸினோமா'. ஹேஸல் ட்ரம்பெட் கலைஞர். இந்துஸ்தானி இசையில் கிரானா கரானா என்ற மரபைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்திடம் வாய்ப்பாட்டு கற்று, அந்தக் கமகங்களை ட்ரம்பெட்டில் கொண்டுவர ஆண்டுக்கணக்காகப் போராடியவர். 2021இல் இறந்தார். அவருடைய புகழ்பெற்ற பழைய ஆல்பங்களில் எலெக்ட்ரானிக்ஸ் கொண்டு ட்ரம்பெட்டின் குரலையே உருமாற்றியிருப்பார். இதில் அந்தப் போர்வையைப் பெரும்பாலும் கழற்றி வைத்துவிட்டார். தயாரிப்பாளராக வந்து கிடாரும் வாசித்திருப்பவர் ரை கூடர். ரோணு மஜும்தாரின் பன்சூரி (மூங்கில் புல்லாங்குழல்), ஜாக்கி டெராசனின் பியானோ. பதிவான இடம் அதே செமினரி தேவாலயம்.

'நேச்சர் பாய்' என்ற பழைய பாட்டோடு ஆல்பம் தொடங்குகிறது. ஹேஸல் ஊதும்போது முதலில் வருவது சுரம் அல்ல, காற்று. உதடு லேசாகத் துடிக்கிறது, உலோகக் குழாய்க்குள் மூச்சு நகர்கிறது, அதற்குப் பிறகுதான் சுரம் பிறக்கிறது. அது முடிந்த பிறகும் கூடத்தில் கொஞ்ச நேரம் தங்கி, மெல்ல மெல்லத் தேய்ந்து போகிறது. முதல் தடவை கேட்டபோது அந்தத் தேய்வு முடியும் இடத்தை என்னால் பிடிக்க முடியவில்லை. எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். அப்போதும் முழுதாகப் பிடிபடவில்லை. சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டேன். கூரை எவ்வளவு உயரம் என்பது அப்போது தெரிந்தது. அந்தக் கட்டடத்தை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதன் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன் என்று என்னால் தயங்காமல் சொல்ல முடியும்.

இதன் தொடர்ச்சி போல 2000இல் 'ஹாலோ பாம்பூ' வந்தது. மஜும்தாரின் பன்சூரிதான் அதில் முன்னணி; கூடரும் ஹேஸலும் பின்னணியில், தபலாவுக்கு அபிஜித் பானர்ஜி. 'ஃபாஸினோமா' பிடித்தவர்களுக்கு இதற்குத் தனியாகச் சிபாரிசு தேவைப்படாது.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவுகளின் உயிர் அறையின் ஒலியில் இருக்கிறது. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் உங்கள் சுவரின் எதிரொலி அந்தத் தேவாலயத்தின் எதிரொலியை விழுங்கிவிடும். ஒரு கடையில் நல்ல விலைக்கு வாங்கிய ஸ்பீக்கரை அவர்கள் காட்டியபடியே சுவர் ஓரத்தில் வைத்து, ஒரு வருடம் முழுக்க இந்த ஆல்பங்களில் அப்படி என்ன இருக்கிறது என்று புரியாமல் இருந்திருக்கிறேன். கேட்கும் நேரத்துக்கு மட்டுமாவது இரண்டடி முன்னால் இழுத்து வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும், உங்களுக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். ஒலியளவைக் கூட்ட வேண்டாம். உங்கள் எதிரே ஒருவர் நிஜமாக வீணை வாசித்தால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு போதும். ஹெட்ஃபோனில் கேட்கலாம், தவறில்லை; ஆனால் ப்ளம்லைன் முறை ஸ்பீக்கருக்கென்றே யோசிக்கப்பட்டது, ஹெட்ஃபோனில் அந்தக் கூடம் தலைக்குள் சுருங்கிவிடும். சிடி தரம் தாராளமாகப் போதும். சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரே போதும். தேடவேண்டியது பழைய சிடிக்களை விற்கும் இணையக் கடைகளில். கவரின் பின்னால் வாட்டர் லில்லியின் பெயரைப் பாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள். யாருக்காவது ஒரு ஆல்பத்தைச் சொல்லும்போது "சவுண்ட் சூப்பர்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எந்த உருப்படி, எந்த இடம், அங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். ஜான்சன் விட்ட சொல்லைக் கிடார் எடுப்பதைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லியிருக்காவிட்டால் 'மும்தாஜ் மஹால்' ஆல்பத்தை நானும் பெயரைப் பார்த்துக் கடந்து போயிருப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் போட்டேன். எதிர்வீட்டுத் தாத்தா ஏதோ சாவி வாங்க வந்தவர். பூதலூர்ப் பக்கத்துக்காரர், ஆடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது, இங்கிலீஷ் பாட்டென்றால் காதைக் கொடுக்கவே மாட்டார். சாவியை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை பேசவில்லை. முடிந்ததும், இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே ஒன்றுமே இல்லாத ஒரு இடத்தைக் கையால் காட்டி, "தம்பி, அதோ அங்கே உட்கார்ந்து கோட்டுவாத்தியம் வாசிக்கிறது யாரு?" என்று கேட்டார்.